நீரடிக் காணொளியிற் குவியம் அமைத்தல்

கடல் சூழ்ந்த நாட்டிற் பிறந்த நாம் கடலின் மேற்பரப்பை நன்கு அறிவோம். அதன் அடியைக் கண்டவர் நம்முள் மிகச் சிலரே. முற்காலத்தில் அக்காட்சி மன்னார்க் கடலில் முத்துக் குளித்தவர்க்கும் சங்கு குளித்தவர்க்குமே உரியதாயிருந்தது. இந்நாளில் நம் பழைய மாணவருள்ளும் சுழியோடப் பயின்றவர் சிலர் உளர். கைக்கடங்கும் கமராவொன்றை நீர்புகாப் பெட்டியிலிட்டு, தாம் கண்டதைப் பிறருக்கும் காட்ட வேண்டுமென்னும் அவாவோடு அவர் கடலில் இறங்குகின்றனர். அவ்வாறு இறங்குவோர்க்குத் துணையாகும்பொருட்டு, அகன்ற கோணத்திற் காட்சியை வாங்கும் வில்லையின் குவியத்தை நீரடியில் எங்ஙனம் அமைத்தல் வேண்டும் என்பதை ஈண்டு எழுதப் புகுந்தோம்.

தமிழாசிரியருக்குக் கமராவோடு யாது தொடர்பு என வினவுவார் இருக்கலாம். அவ்வினா நியாயமானதே. எனினும், இப்பொருளில் மாணவர் இடறுவது கணக்கிலன்று, ஒரு சொல்லிலே என்பது எம் கருத்து. அச்சொல் எதுவென்பதைச் சற்றுப் பின்னர்க் கூறுவோம்.

யூபிலி ஆண்டை முன்னிட்டு நிலாவெளிக்கு அப்பாலுள்ள புறாத்தீவிற் படம்பிடிக்கச் சென்ற இளைஞர் சிலர், தாம் கொணர்ந்த காணொளியை எமக்கும் காட்டினர். நீர் தெளிவாயிருந்தது, வெயிலும் நன்றாயிருந்தது, கமராவும் விலையுயர்ந்ததே. ஆயினும் முருகைக்கல்லின் கிளைகளும், அவற்றினூடே திரிந்த மீன்களும் ஈரத்துணி போர்த்தாற்போல் மங்கிக் கிடந்தன. கமரா பழுதென்றார் ஒருவர். நீர் கலங்கலென்றார் மற்றொருவர். குவியம் எவ்வாறு வைக்கப்பட்டதென வினவினோம். "கடல் பரந்ததல்லவா, சேர்! ஆகையால் முடிவிலியில் வைத்துவிட்டோம்" என்றனர். நிலத்தில் மலையையும் கோபுரத்தையும் எடுப்போர் அவ்வாறே செய்வர். நீரடியில், அரைக்கோளக் கண்ணாடியின் பின்னிருக்கும் கமராவுக்கு அது பொருந்தாது.

ஏன் பொருந்தாதென்பதை அறிய, முதலில் நம் கண்ணிலிருந்து தொடங்குவோம். கண் திறந்தபடி நீரில் மூழ்கினால் யாவும் மங்கலாய்த் தோன்றுவதைக் கேணியிற் குளித்த சிறுவரும் அறிவர். கண்ணின் ஒளிமுறிக்கும் ஆற்றலிற் பெரும்பகுதி, காற்றும் விழிவெண்படலமும் சந்திக்கும் இடத்திலே பிறக்கின்றது. அங்கே காற்றுக்குப் பதிலாக நீர் வந்து நின்றால், நீருக்கும் படலத்துக்கும் முறிவுச் சுட்டி ஏறக்குறைய ஒன்றாதலின், அவ்வாற்றல் பெரிதும் அழிந்துவிடுகின்றது. முகத்திற் கண்ணாடி மூடியணிந்து, விழிக்கு முன்னே சிறிது காற்றை வைத்துக்கொண்டால் தெளிவு மீள்கின்றது. ஆனால் அப்பொழுது வேறொரு மாறுதல் நிகழும். நீரின் முறிவுச் சுட்டி ஏறத்தாழ 1.33 ஆதலின், தட்டைக் கண்ணாடியூடாகப் பார்ப்பவனுக்கு நான்கு அடித் தூரத்திலுள்ள மீன் மூன்று அடியில் நிற்பதுபோலத் தோன்றும். புதிதாய்ச் சுழியோடுவோர் எதையும் எட்டிப் பிடிக்கக் கைநீட்டி ஏமாறுவது இதனாலேயாம்.

கமராவின் முன்னே தட்டைக் கண்ணாடியை வைத்தாலும் இதுவே நிகழும். காட்சி அருகே வருவதோடு, அதன் அகலமும் குறையும். காற்றில் 90 பாகைக் கோணத்தைக் காணும் வில்லை, தட்டைக் கண்ணாடியின் பின்னே நீரடியில் ஏறத்தாழ 64 பாகையையே காணும். மேலும், படத்தின் ஓரங்களில் நிறங்கள் பிரிந்து சிதறும், உருவங்கள் இழுபடும். எவ்வளவு அகன்ற வில்லையாயினும், தட்டைக் கண்ணாடியூடாக 97 பாகைக்கு மேற் காண்டல் இயலாது. ஒளிமுறிவின் விதி அவ்வளவில் வாயிலை அடைத்துவிடுகின்றது.

நீரடியில் அகன்ற வில்லையே வேண்டுமென்று வற்புறுத்துவது எதற்கென்று கேட்கலாம். கண்ணுக்குத் தெளிவாகத் தோன்றும் நீரிலும் நுண்டுகள்கள் நிறைந்துள்ளன. பொருளுக்கும் வில்லைக்கும் இடையே நீர் எவ்வளவு குறைகின்றதோ அவ்வளவுக்குக் காட்சி தெளியும், நிறமும் தங்கும். சிவப்பு நிறம் சில மீற்றர் நீரிலேயே பெரிதும் உறிஞ்சப்பட்டுவிடுகின்றது. ஆதலின், அருகே சென்று பெரும்பரப்பை வாங்குதல் ஒன்றே வழி. அதற்காகவே கமராவின் முன் அரைக்கோளக் கண்ணாடி பொருத்தப்படுகின்றது. வில்லைக்குள் ஒளி நுழையும் துளையெனத் தோன்றும் இடம் அக்கோளத்தின் மையத்தில் அமையுமாயின், எத்திசையிலிருந்து வரும் நடுக்கதிரும் கண்ணாடியைச் செங்குத்தாகவே தொடும். செங்குத்தாய் வரும் கதிர் முறிவதில்லை. எனவே, வில்லையின் கோணம் குறையாது, ஓரமும் சிதறாது.

இனித்தான் முதன்மையான செய்தி. நீருக்கும் காற்றுக்குமிடையே வளைந்து நிற்கும் அக்கண்ணாடி, தானும் ஒரு குழிவில்லையைப்போலத் தொழிற்படுகின்றது. வெளியே பரந்து கிடக்கும் கடலனைத்தையும் அது சுருக்கித் தனக்கு முன்னே, மிக அண்மையில், ஒரு சிறு விம்பமாக நிறுத்துகின்றது. நம் பௌதிக பாடநூல்கள் இதனை மாய விம்பம் என்று கூறும்.

இடறச் செய்யும் சொல் என்று நாம் முன்னே குறித்தது இதுவே. மாயம் என்றதும் மாணாக்கன் அதை இல்பொருளென்று கொள்கின்றான். பொய்த்தோற்றத்தைக் கமரா ஏன் பொருட்படுத்தல் வேண்டும் என எண்ணுகின்றான். இங்கே மாயம் என்பதற்குத் திரையில் ஏந்த இயலாதது என்பதே பொருள். கதிர்கள் அவ்விடத்திலிருந்து புறப்பட்டனபோல வந்து வில்லையை அடைகின்றன. அவை உண்மையில் எங்கிருந்து புறப்பட்டன என்பதை வில்லை அறியாது. அதற்கு அம்மாய விம்பமே பொருள். அதற்கு அப்பால் கடல் என்றொன்று இல்லை. முகம் பார்க்கும் கண்ணாடியில் தோன்றும் உருவமும் மாய விம்பமே. அதைப் படம்பிடிப்பவன் கண்ணாடியின் சட்டத்துக்குக் குவியம் வைத்தால் முகம் மங்கும் என்பதை அறிந்தவர், நீரடியில் நிகழ்வதையும் எளிதில் உணர்வர்.

அவ்விம்பம் எங்கே நிற்கும்? கணிதம் கற்பிக்கும் நண்பர் ஒருவரோடு உடனிருந்து கணித்தோம். முடிவிலியிலுள்ள பொருளின் விம்பம், கண்ணாடியின் வெளிப்பரப்பிலிருந்து கோளத்தின் ஆரையைப்போல் மூன்று மடங்கு தூரத்தில் அமைகின்றது. கோளத்தின் ஆரை 10 சதமமீற்றர் எனக் கொள்வோம். எல்லையற்ற தொலைவிலுள்ளது 30 சதமமீற்றரிற் தோன்றும். கண்ணாடியிலிருந்து 2 மீற்றரிலுள்ள பாறை 25 சதமமீற்றரிலும், 1 மீற்றரிலுள்ள முருகைக்கல் ஏறத்தாழ 21 சதமமீற்றரிலும், அரை மீற்றரிலுள்ள மீன் ஏறத்தாழ 17 சதமமீற்றரிலும் தோன்றும். அரை மீற்றர் முதல் அடிவானம் வரையுள்ள கடல் முழுதும், கண்ணாடியின் முன்னே 13 சதமமீற்றர் அகலமான ஒரு பட்டைக்குள் அடங்கிவிட்டது! ஆரை 5 சதமமீற்றரான சிறு கோளமாயின், தொலைக்கடலின் விம்பம் 15 சதமமீற்றரிலேயே வந்து நிற்கும். சிறிய கோளம் பெட்டியில் எடுத்துச் செல்ல இலகுவானது. ஆனால் வில்லைக்கு அது வைக்கும் சோதனை கடுமையானது.

இதிலிருந்து இரண்டு உண்மைகள் விளைகின்றன. முதலாவது, வில்லை அண்மையிற் குவிக்கவல்லதாய் இருத்தல் வேண்டும். வில்லையின் மேல் எழுதப்படும் மிகக் குறைந்த குவியத் தூரம், கமராவினுள் படம் பதியும் தளத்திலிருந்து அளக்கப்படுவது; கண்ணாடிக்கும் அத்தளத்துக்கும் இடைப்பட்ட நீளத்தையும் கூட்டியே பார்த்தல் வேண்டும். அவ்வாறு கூட்டியும் வில்லைக்கு எட்டாதாயின், அதன் முன்னே அண்மைக்கான துணைவில்லையொன்றைத் திருகிக்கொள்வது வழக்கம். கமரா வாங்கச் செல்வோர் விலையைக் கேட்குமுன் இவ்வெண்ணைக் கேட்பாராக.

இரண்டாவது, முடிவிலி என்னும் குறியை நீரடியில் மறந்துவிட வேண்டும். 15 மில்லிமீற்றர் குவியத்தூரமுள்ள வில்லையை, 36 மில்லிமீற்றர் அகலமான முழுச்சட்டக் கமராவில், எஃப் 8 என்னும் துவாரத்தில் முடிவிலிக்கு வைத்தோமாயின், ஏறத்தாழ 94 சதமமீற்றருக்கு அப்பாலுள்ளதே அதற்குத் தெளிவாகத் தோன்றும். கடலின் விம்பமோ, அவ்வில்லையின் நுழைதுளையிலிருந்து 40 சதமமீற்றருக்குள் முழுவதும் முடிந்துவிட்டது. தெளிவான பகுதியில் ஒன்றுமேயில்லை. புறாத்தீவுக் காணொளியில் அண்மையும் சேய்மையும் ஒருங்கே மங்கியதன் காரணம் இதுவே. கமராவிலும் குற்றமில்லை, நீரிலும் குற்றமில்லை.

அதே வில்லையை, அதே துவாரத்தில், நீரடியில் ஏறத்தாழ ஒரு மீற்றர் தூரத்திலுள்ள பொருளுக்குக் குவித்தோமாயின் நிலை முற்றும் மாறுகின்றது. அரை மீற்றர் முதல் முடிவிலி வரை யாவும் தெளிவின் எல்லைக்குள் வந்துவிடும். ஒளி குறைவென்று துவாரத்தை எஃப் 2.8 வரை அகலத் திறந்தாலோ, ஏறத்தாழ 65 சதமமீற்றர் முதல் மூன்று மீற்றருக்குச் சற்றுக் குறைவான தூரம் வரையே தெளியும், அதற்கப்பால் மங்கும். அன்றியும், கோளக் கண்ணாடி தரும் விம்பம் தட்டையானதன்று, கிண்ணம்போல் வளைந்தது. நடுவுக்குக் குவித்தால் மூலைகள் பின்தங்கும். துவாரத்தைச் சுருக்குவதே அதற்கும் மருந்து. முழுச்சட்டக் கமராவில் எஃப் 8 முதல் எஃப் 11 வரையும், அதனிற் சிறிய தளமுள்ள கமராக்களில் எஃப் 5.6 அளவிலும் வைத்து, குறையும் ஒளியைக் கமராவின் ஒளியுணர்திறனைக் கூட்டி ஈடுசெய்தலே தக்கது. சிறிது மணற்புள்ளி விழுந்த படத்தைப் பார்வையாளர் பொறுப்பர். மங்கிய படத்தைப் பொறார்.

செய்முறை மிக எளிது. நீரில் இறங்கியதும், ஒரு மீற்றர் அளவிலுள்ள, ஒளியும் நிழலும் நன்கு வேறுபட்ட பொருளொன்றைத் தேர்ந்துகொள்க. துணைவரின் கால்துடுப்பு இதற்கு மிக ஏற்றது. வரிகள் நிறைந்த பாறையும் ஆகும். வெறும் நீலநீரைக் குறிவைத்தல் பயனற்றது. தன்னியக்கக் குவியத்தை ஒருமுறை மட்டும் இயக்கி, பொருள் தெளிந்ததும் அதனைக் கைமுறைக்கு மாற்றிப் பூட்டிவிடுக. பின்னர்த் திரையிற் காட்சியைப் பெருக்கிப் பார்த்து உறுதிசெய்க. அகன்ற வில்லையில் யாவும் சிறுத்துத் தோன்றுவதால், உள்ளங்கையளவுத் திரையில் மங்கலும் தெளிவுபோலவே காட்டும். விளிம்புகளிற் கோடிட்டுக் காட்டும் வசதியை மட்டும் நம்புதலும் போதாது. அரைநாள் உழைப்பைக் காக்கவல்ல இவ்வேலைக்குச் செலவாவது அரை நிமிடமேயாம்.

குவியத்தைத் தன்னியக்கத்திலேயே விட்டுவிட்டால் என்ன என்று மாணவர் கேட்பதுண்டு. அசையாப் படத்துக்கு அது பெரும்பாலும் குறைவின்றிப் பணிசெய்யும். காணொளிக்கோ, ஒரு மீன் குறுக்கே போனாலும், நுண்டுகள் ஒன்று ஒளிர்ந்தாலும், அலையின் ஒளிவலை மணலில் நெளிந்தாலும் குவியம் நிலைகுலைந்து முன்னும் பின்னும் தேடத் தொடங்கிவிடும். அத்தேடல் முழுவதும் காணொளியிற் பதியும்; பின்னர் அதனை நீக்க இயலாது. அண்மைக் காலத்துக் கமராக்கள் சில இதில் மிகத் தேர்ந்துள்ளன என்பதை மறுக்கவில்லை. ஓயாது தூரம் மாறும் ஆமையையோ சுறாவையோ பின்தொடர்வோர் அவற்றை நம்பலாம். அகன்ற காட்சிக்குப் பூட்டிய குவியமே எம் தேர்வு.

பூட்டியபின் இரண்டொன்றை மறத்தலாகாது. உருப்பெருக்கும் வில்லையாயின், பெருக்கத்தை மாற்றியவுடன் குவியத்தையும் மீண்டும் அமைத்தல் வேண்டும். கண்ணாடிக்கு ஒரு சாண் அளவில் நெருங்கி எடுப்பதாயின், அதனைத் தனிக்காட்சியாகக் கொண்டு அதற்கெனக் குவித்தல் வேண்டும். தட்டைக் கண்ணாடியின் வெளியே நீருக்குள்ளேயே பொருத்தும் அகல்வில்லைகளும் உண்டு. அவற்றுக்கிடையே தங்கிய காற்றுக் குமிழியை விரலால் வெளியேற்றியபின்னரே குவியத்தைப் பற்றி நினைக்க வேண்டும்.

நிலத்தில் இருந்தவாறே ஒத்திகை பார்க்கவும் ஒரு வழியுண்டு. இருபுறமும் காற்றிருக்கையில் மெல்லிய கோளக் கண்ணாடிக்கு முறிக்கும் ஆற்றல் இல்லையென்றே சொல்லலாம். ஆகவே, ஆரை 10 சதமமீற்றரான பெட்டியை மேசைமேல் வைத்து, கண்ணாடியிலிருந்து 21 அல்லது 22 சதமமீற்றரில் அச்சிட்ட தாளொன்றை நிறுத்தி, அதன் எழுத்துக்குக் குவித்துப் பூட்டினால், அது நீரடியில் ஏறத்தாழ ஒரு மீற்றருக்குக் குவித்ததாகும். நீச்சற் குளத்தில் ஒருமுறை சோதித்துத் திருத்திக்கொண்டால் கடலில் அச்சமில்லை. வகுப்பறையில் இச்சோதனையைச் செய்துகாட்டும் பௌதிக ஆசிரியருக்கு, மாய விம்பத்தைப்பற்றி வேறு விரிவுரை வேண்டியிராது.

இத்துறை நம் கடலுக்குப் புதிதன்று. 1956ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்து வாழத் தொடங்கிய எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க்கும் அவர் நண்பர் மைக் வில்சனும் திருகோணமலையில், சுவாமி மலையின் அடிக்கடலிற் கிடக்கும் பழங்கோயிற் கற்களைக் கண்டனர். போர்த்துக்கேயரால் இடிக்கப்பட்ட கோணேசர் கோயிலின் எச்சங்கள் அவை. கிளார்க் அதனைத் தாம் 1957இல் வெளியிட்ட நூலில் எழுதினார். வில்சன் நெறிப்படுத்தி 1962இல் வெளிவந்த 'ரன்முத்து தூவ' என்னும் சிங்களத் திரைப்படத்திலும் திருகோணமலைக் கடலடி காட்டப்பட்டது. முதன்முதல் வண்ணத்தில் வந்த சிங்களப் படம் அது. அவர் காலத்திற் படச்சுருளைக் கழுவியெடுக்கும் வரை குவியம் பிழைத்ததோ பொருந்தியதோ என்று அறிய வழியில்லை. கடலடியிலேயே திரையைப் பார்த்துத் திருத்திக்கொள்ளும் வாய்ப்புள்ள நம் இளைஞர் மங்கிய படத்தோடு கரையேறுவது முறையாகுமா?

கற்கள் இன்னும் நெடுங்காலம் கிடக்கும். முருகைக்கற்பாறையின் நிலை அத்தகையதன்று. 1998இல் கடல்நீர் மிகச் சூடேறியபோது ஹிக்கடுவை முதலிய தென்மேற்குக் கரைகளில் முருகைக்கற்கள் வெளிறிப் பெருமளவில் மடிந்தன. புறாத்தீவின் பாறை அவ்வாண்டில் அத்துணை இடருக்கு உட்படாது தப்பியது. 2003இல் அது தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அடுத்த சூட்டிலும் அது தப்புமென்று உறுதி கூறுவார் யார்? இன்று எந்தக் கிளை உயிரோடு நின்றது, எது வெளிறியது என்பதைப் பின்னொரு நாளிற் கேட்போர்க்குக் காட்ட வேண்டியது இவ்விளைஞர் எடுக்கும் காணொளியே. மங்கிய காணொளியில் உயிருள்ள கல்லும் இறந்து பாசி படர்ந்த கல்லும் ஒன்றுபோலவே தோன்றும். அடுத்த ஆண்டு சென்று எடுத்துக்கொள்ளலாம் என்றால், அடுத்த ஆண்டு அக்கல் அவ்வாறே இருத்தல் வேண்டும்.

ஆகவே, மீண்டும் அங்கே செல்லவிருக்கும் அவ்விளைஞரிடம் ஒரு குறிப்பேடும் வைத்திருக்கும்படி கேட்டுள்ளோம். நாள், இடம், ஆழம், கோளத்தின் ஆரை, வில்லையின் குவியத்தூரம், துவாரம், எவ்வளவு தூரத்துக்குக் குவித்துப் பூட்டியது என்பன அதில் எழுதப்படும். அதே பாறையை, அதே பக்கத்திலிருந்து, அதே அமைப்போடு ஆண்டுதோறும் எடுத்துவந்தால் ஒன்றையொன்று ஒப்பிடலாம். வடகீழ்ப்பருவக் காற்று அடங்கிக் கிழக்குக் கடல் தெளிந்ததும் அவர்களுடைய அடுத்த பயணம் நிகழவுள்ளது. கண்ணாடியிலிருந்து 21 சதமமீற்றரில் நிறுத்தி ஒத்திகை பார்ப்பதற்கென, பெரிய எழுத்தில் அச்சிட்ட தாளொன்றைத் தமிழ்ப் பகுதியின் அலுமாரியில் அவர்களுக்காக எடுத்துவைத்துள்ளோம்.